ஃபைல் சர்வரைப் பார்த்துக்கொள்ள அட்மின் ரைட்ஸ் எதற்கு?

ஹெல்ப்டெஸ்க்கில் புதிதாக ஒரு தம்பி சேர்கிறார், இனி ஃபைல் சர்வர் வேலையை அவர் பார்த்துக்கொள்வார் என்று மேனேஜர் சொல்லிவிடுகிறார், உடனே அடுத்த கேள்வி வருகிறது: "அவரை எந்த குரூப்பில் சேர்க்கணும்?" விண்டோஸ் சர்வர் ஓடுகிற பல ஆபீஸ்களில் இதற்குக் கிடைக்கிற பதில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ். அவசரம் அதிகமென்றால், ஆபீஸின் மொத்த விண்டோஸ் நெட்வொர்க்குக்கும் அதிகாரம் உள்ள டொமைன் அட்மின்ஸ். அப்போதைக்கு வேலை நடந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேள்வியே தவறு. ஃபைல் சர்வர் நிர்வாகம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் ஐந்தாறு தனித்தனி வேலைகள். அதில் தினமும் வந்துகொண்டே இருக்கிற வேலைக்கு சர்வரில் எந்த உரிமையும் தேவையில்லை, சர்வரில் லாகின்கூடத் தேவையில்லை.

அட்மின் உரிமையைப் பாதியாக வெட்டிக் கொடுக்க முடியாது என்பதை முதலில் பார்த்துவிடலாம், பலரும் தடுமாறுகிற இடம் இதுதான். "அட்மினில் சேர்த்துவிட்டு, சம்பளப் பட்டியல் இருக்கிற ஃபோல்டருக்கு மட்டும் டினை (அனுமதி மறுப்பு) போட்டுவிடலாமே" என்பார்கள். போடலாம், போட்ட நிமிடம் அவருக்கு அந்த ஃபோல்டர் திறக்காது. ஆனால் எந்த ஃபோல்டருக்கும் தன்னையே உரிமையாளராக ஆக்கிக்கொள்ளும் தனி உரிமை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்புக்கு விண்டோஸில் உண்டு. உரிமையாளர் ஆனவர் பெர்மிஷனை மாற்றலாம், மாற்றினால் நீங்கள் போட்ட டினை போய்விடும். அந்த வழியை அடைத்தாலும் பேக்கப் உரிமை என்று ஒன்று இருக்கிறது, ஃபைல் நகலெடுக்கிற ரோபோகாப்பி கட்டளையில் ஸ்லாஷ் பி சேர்த்தால் பெர்மிஷன் என்ன சொல்கிறது என்று பார்க்காமலே ஃபைல் நகலாகிவிடும். அதையும் எடுத்துவிட்டால் விண்டோஸே பயன்படுத்துகிற சிஸ்டம் கணக்கில் ஓடும்படி ஒரு டாஸ்க் போட்டு அதன் வழியாகப் படிக்கலாம். ஆகவே "அட்மின்தான், ஆனால் இது மட்டும் கூடாது" என்று ஒரு நிலை கிடையாது. எந்த உரிமையும் இல்லாத சாதாரண யூசரிலிருந்து தொடங்கி, வேண்டியதை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழி.

அடுத்தது, அதே சர்வரில் லாகின் செய்கிற மற்றவர்களைப் பற்றியது. ஒரு மெஷினில் அட்மின் என்றால் அந்த மெஷினின் மெமரியையும் படிக்கலாம். அந்த நேரத்தில் ஒரு டொமைன் அட்மின் ரிமோட் டெஸ்க்டாப்பில் அங்கே உட்கார்ந்திருந்தால் அவருடைய லாகின் அடையாளமும் அந்த மெமரியில்தான் இருக்கும். 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கிப் பரவிய நாட்பெட்யா என்ற வைரஸ் இதைத்தான் பயன்படுத்தியது: பேட்ச் போடாத மெஷின்களில் ஓட்டை வழியாகப் புகுந்தது ஒரு பக்கம், மெமரியிலிருந்து அள்ளிய லாகின் விவரங்களை வைத்துக்கொண்டு பேட்ச் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்த மெஷின்களுக்குள்ளும் நிர்வாகக் கருவிகள் வழியாகவே நுழைந்தது இன்னொரு பக்கம். மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவ வேண்டி வந்ததாக அதன் தலைவர் 2018 ஜனவரியில் சொன்னார். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் ஒரு சாதாரண யூசரின் கணக்கில் ஓடினால் அவர் எழுத முடிகிற ஃபோல்டர்களைக் கெடுக்கும், அதோடு சரி, ஃபைல்களின் பழைய நிலையை சர்வர் எடுத்து வைக்கிற ஷேடோ காப்பியைத் தொட அதற்கு உரிமை இல்லை. அதே ரான்சம்வேர் சர்வர் அட்மின் ஒருவரின் கணக்கில் ஓடினால் முதல் வேலையாக அந்த ஷேடோ காப்பிகளைத்தான் அழிக்கும். ஹெல்ப்டெஸ்க் தம்பியை நம்புகிறோமா இல்லையா என்ற பேச்சே இங்கே வரவில்லை. அவர் தங்கமான ஆள்தான். அவர் கணக்கில் வேறொன்று ஓடினால் என்ன ஆகும் என்பதுதான் கவலை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை, நான் வேலை பார்த்த ஓர் ஆபீஸில் அதனால் படாத பாடு பட்டோம். அட்மின் குரூப்பில் இருக்கிறவர் சர்வரில் லாகின் செய்து, எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஃபோல்டரைத் திறக்கிறார். "இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, நிரந்தரமாக அனுமதி பெற கன்டின்யூ அழுத்தவும்" என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அட்மினுக்கும் கேட்ட பிறகுதான் முழு அதிகாரம் கொடுக்கிற யூஏசி என்ற பாதுகாப்பு இருப்பதால் எக்ஸ்ப்ளோரர் முழு அட்மின் அதிகாரத்தோடு ஓடுவதில்லை, அதனால் வருகிற பெட்டி அது. அழுத்தியதும் ஃபோல்டர் திறந்துவிடும், ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கிற "நிரந்தரமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். பின்னணியில் விண்டோஸ் அந்த ஆளின் சொந்தப் பெயரை அந்த ஃபோல்டரின் பெர்மிஷன் பட்டியலில் எழுதிவிடுகிறது, உள்ளே இருக்கிற ஃபோல்டர்களிலும் ஃபைல்களிலும் சேர்த்து. பிறகு அவரை அட்மின் குரூப்பிலிருந்து எடுத்தாலும் அந்தப் பெயர் போகாது. எங்கள் ஆபீஸில் ஒருவர் வேறு டீமுக்கு மாறிப் போன பிறகும் பல மாதங்கள் மேனேஜ்மென்ட் ஃபோல்டர் அவருக்குத் திறந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கே அது தெரியாது. ஏதோ ஒரு ஆடிட்டுக்காகப் பட்டியல் எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது.

சரி, வேலைகளைப் பிரிப்போம். உங்கள் ஹெல்ப்டெஸ்க்கில் ஒரு மாதத்து டிக்கெட்டுகளை எடுத்து ஃபைல் சர்வர் சம்பந்தப்பட்டதை மட்டும் தனியே வையுங்கள். இன்னாருக்கு இந்த ஃபோல்டர் வேண்டும், இன்னார் மாறிப் போய்விட்டார் எடுத்துவிடுங்கள் என்பவை ஒரு குவியல். ஃபைலை யாரோ திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார், லாக் ஆகியிருக்கிறது என்பவை இன்னொன்று. தெரியாமல் டெலீட் செய்துவிட்டேன், காணவில்லை, திரும்ப வேண்டும் என்பவை மூன்றாவது. இடம் நிறைந்துவிட்டது என்பது நான்காவது. புதிதாக ஷேர் (நெட்வொர்க் வழியாகத் திறக்கிற பொது ஃபோல்டர்) வேண்டும் என்பது எப்போதாவது வரும். சர்வருக்கு அப்டேட் போடுவது, டிஸ்க் மாற்றுவது, பேக்கப் ஓடியதா என்று பார்ப்பது ஆகியவை டிக்கெட்டாக வராது, அவை சர்வரை நிர்வகிப்பவருடைய வேலை, அதை யாருக்கும் பிரித்துக் கொடுக்கத் தேவையில்லை. முதல் குவியல்தான் மலை மாதிரி இருக்கும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அந்த மலைக்குப் போகும்முன், ரெடிமேடாகக் கிடைக்கிற சில குரூப்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அட்மின் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்துக் கை வைப்பது பேக்கப் ஆபரேட்டர்ஸ் மேல்தான், பெயரைப் பார்த்தால் சாதுவாக இருக்கிறது. ஆனால் அந்த குரூப்புக்கு எந்த ஃபைலையும் பெர்மிஷன் பாராமல் படிக்கும் உரிமையும் எந்த ஃபைலின் மேலும் எழுதும் உரிமையும் உண்டு. இது இரண்டும் கையில் இருந்தால் சர்வரின் பாஸ்வேர்டு ஹாஷ்கள் (உருமாற்றிய பாஸ்வேர்டுகள்) இருக்கிற சாம் ஃபைலை நகலெடுக்கலாம், ஒரு சர்வீஸின் ஃபைலை மாற்றி வைத்து முழு அட்மினாகவும் ஆகிவிடலாம். டொமைன் அளவிலான பேக்கப் ஆபரேட்டர்ஸ் என்றால் எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கிற டொமைன் கன்ட்ரோலரில் இருக்கிற, ஆபீஸின் யூசர், குரூப் பட்டியலான மொத்த ஆக்டிவ் டைரக்டரி டேட்டாபேஸும் அவர் கைக்கு எட்டும். சர்வர் ஆபரேட்டர்ஸ் என்பது டொமைன் கன்ட்ரோலரில் மட்டுமே இருக்கிற குரூப், அதில் இருப்பவர் சர்வீஸ்களின் அமைப்பை மாற்ற முடியும், அங்கிருந்து முழு அதிகாரத்துக்கு ஒரு படிதான். பவர் யூசர்ஸுக்கு ஷேர் உருவாக்கும் உரிமை உண்டு, ஆனால் விஸ்டா காலத்திலிருந்து அந்த குரூப் பழைய சாஃப்ட்வேர்களுக்காக மட்டுமே விட்டு வைக்கப்பட்டிருக்கிறது, அதை நம்பி புதிதாக எதையும் கட்டாதீர்கள்.

சின்ன ஆபீஸ்களில் டொமைன் கன்ட்ரோலரே ஃபைல் சர்வராகவும் இருப்பது சகஜம். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையில் சொல்கிற பாதி விஷயம் அங்கே செல்லாது, டொமைன் கன்ட்ரோலருக்கு என்று தனி லோக்கல் அட்மின் குரூப் கிடையாது, அங்கே அட்மின் என்றால் மொத்த டொமைனுக்கும் அட்மின். முதலில் ஷேர்களை வேறொரு சர்வருக்கு நகர்த்துங்கள், ஒரு விர்ச்சுவல் மெஷின் போதும்.

இப்போது மலை. "யாருக்கு எந்த ஃபோல்டர்" என்ற டிக்கெட்டில் சர்வரில் கை வைக்க வேண்டிய அவசியம் வருவது, நாம் ஃபோல்டரில் ஆட்களின் பெயர்களை நேரடியாக எழுதி வைத்திருப்பதால்தான். ஃபோல்டரில் குரூப்பின் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஃபோல்டரைத் தொடாமல் குரூப்பில் ஆட்களைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக மட்டும் வைத்துக்கொண்டால் வேலை சர்வரிலிருந்து ஆக்டிவ் டைரக்டரிக்கு நகர்ந்துவிடுகிறது. அக்கவுன்ட்ஸ் ஃபோல்டருக்கு எஃப்எஸ்-அக்கவுன்ட்ஸ்-ரீட், எஃப்எஸ்-அக்கவுன்ட்ஸ்-ரைட் என்று இரண்டு டொமைன் லோக்கல் குரூப், ஒன்றுக்குப் படிக்கும் உரிமை, மற்றதற்கு மாடிஃபை. அதற்குள்ளே துறைவாரியான குளோபல் குரூப், அதற்குள்ளே ஆட்கள். மைக்ரோசாஃப்ட் ரொம்ப காலமாக ஏஜிடிஎல்பி (அக்கவுன்ட், குளோபல், டொமைன் லோக்கல், பெர்மிஷன்) என்று சொல்லிக்கொடுப்பது இந்த அடுக்கைத்தான். பரீட்சைக்குப் படித்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிற எழுத்துகள் இவை, ஆனால் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது என்று வரும்போது இதன் அருமை தெரியும்.

ஏனென்றால் குரூப்பில் ஆட்களைச் சேர்க்கும் உரிமையை மட்டும், அந்த ஒரு குரூப்புக்கு மட்டும், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்க முடியும். குரூப்பின் ப்ராப்பர்ட்டீஸில் மேனேஜ்டு பை என்று ஒரு டேப் இருக்கிறது. அதில் ஒருவரின் பெயரைப் போட்டு, "மேனேஜர் உறுப்பினர் பட்டியலை மாற்றலாம்" என்ற கட்டத்தில் டிக் அடித்தால் முடிந்தது. டிக் அடிக்காமல் பெயரை மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம், பெயர் வெறும் தகவல்தான், டிக்தான் உரிமை. ஐம்பது அறுபது குரூப் இருந்தால் அவற்றை ஒரே ஓயுவில் (ஆக்டிவ் டைரக்டரிக்குள் இருக்கிற ஃபோல்டர் மாதிரி ஒன்று) வைத்து, டெலிகேஷன் விசார்டில் "குரூப் உறுப்பினர்களை மாற்றுதல்" என்ற ஒன்றை மட்டும் ஹெல்ப்டெஸ்க் குரூப்புக்குக் கொடுத்துவிடலாம். 2000 பிப்ரவரியில் ஆக்டிவ் டைரக்டரி வந்தபோதே கூட வந்த வசதி இது.

இங்கே என் கட்சியை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: அந்த மேனேஜ்டு பை கட்டத்தில் வர வேண்டியது ஐடி ஆளின் பெயர் அல்ல, அந்தத் துறைத் தலைவரின் பெயர். சம்பள ஃபோல்டரை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது? அக்கவுன்ட்ஸ் மேடம் மெயில் அனுப்புவார், ஹெல்ப்டெஸ்க் அதை மேனேஜருக்கு அனுப்பும், மேனேஜர் "ஓகே" என்று போடுவார், நான் சேர்ப்பேன். இந்தச் சங்கிலியில் உண்மையில் முடிவெடுத்தவர் மேடம் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் கையை மட்டும் நீட்டியவர்கள். ஒரு நாள் அவருடைய மெஷினில், விண்டோஸிலேயே இருக்கிற டைரக்டரி தேடல் சன்னலுக்கு ஒரு ஷார்ட்கட் போட்டுக் கொடுத்தேன், டிஎஸ்க்வெரி டிஎல்எல் வழியாக ரன்டிஎல்எல்32-இல் திறக்கிற அதே சன்னல், தனியாக எந்தக் கருவியும் நிறுவ வேண்டாம். குரூப் பெயரைத் தேடுங்கள், இரண்டு முறை கிளிக் செய்யுங்கள், மெம்பர்ஸ் டேப், ஆட் என்று காட்டினேன். அவர் முதலில் செய்தது யாரையும் சேர்த்தது இல்லை. பட்டியலை மேலிருந்து கீழே படித்தார், "இவர் போன வருஷமே பர்ச்சேஸுக்குப் போய்ட்டாரே, இவர் எப்படி இன்னும் இதில்?" என்று கேட்டு இரண்டு பெயர்களை அங்கேயே எடுத்தார். நாங்கள் அந்தப் பட்டியலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம், அந்தப் பெயர்கள் எங்களுக்கு வெறும் பெயர்கள்.

மறுநாள் காலையில் போன் வந்தது, "நேத்து ஒருத்தரைச் சேர்த்தேன், அவருக்கு இன்னும் திறக்கலையே." இது எல்லா இடத்திலும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்பது அவர் லாகின் செய்யும்போது வாங்குகிற கெர்பராஸ் டிக்கெட் என்ற அடையாளச் சீட்டில் எழுதப்படுகிறது, அந்த டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். சேர்க்கப்பட்டவர் லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வந்தால் சரியாகிவிடும். ஸ்கிரீனை லாக் செய்துவிட்டுத் திறப்பதை லாக் ஆஃப் என்று நினைத்துக்கொள்வார்கள், அதையும் சொல்லிவிடுங்கள். எடுக்கும்போதும் இதே கதைதான், வேலையை விட்டு அனுப்பப்படுகிற ஒருவரை குரூப்பிலிருந்து எடுத்த மாத்திரத்தில் அவருக்குக் கதவு மூடிவிடாது, அவரை லாக் ஆஃப் செய்ய வைத்து, சர்வரில் இருக்கிற அவருடைய செஷனையும் முடிக்க வேண்டும்.

இந்த முறையில் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, நீங்கள் பொறுப்புக் கொடுக்கிற குரூப் வேறெந்தப் பெரிய குரூப்புக்குள்ளும் இருக்கக் கூடாது. அக்கவுன்ட்ஸ் குரூப்பை எப்போதோ யாரோ சர்வரின் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்குள் போட்டு வைத்திருந்தால், மேடம் சேர்க்கிற ஒவ்வொருவரும் சர்வர் அட்மின் ஆகிவிடுவார். கொடுக்கும்முன் மெம்பர் ஆஃப் டேபைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, டொமைன் அட்மின்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ் போன்ற காவலுக்குட்பட்ட குரூப்புகளில் நீங்கள் கொடுக்கிற உரிமை நிற்காது. 60 நிமிடத்துக்கு ஒருமுறை அட்மின்எஸ்டிஹோல்டர் என்கிற மாதிரியைப் பார்த்து ஆக்டிவ் டைரக்டரி அவற்றின் பெர்மிஷனைப் பழையபடி எழுதிவிடும். "காலையில் கொடுத்தேன், மத்தியானம் காணோம்" என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான், அது விண்டோஸ் உங்களைக் காப்பாற்றுகிற இடம், அதோடு சண்டை போடாதீர்கள்.

குரூப் எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு துணை ஃபோல்டருக்கும் இரண்டு குரூப் என்று இறங்கினால், லாகின் செய்யும்போது ஒருவருக்கு விண்டோஸ் உருவாக்குகிற டோக்கன் என்ற அடையாளத்தில் அடங்குகிற குரூப்புகளின் எண்ணிக்கைக்கு 1,015 என்று ஒரு எல்லை இருப்பது நினைவுக்கு வரும் நாள் ஒன்று வரும். துறைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குக் கீழே தனிப் பெர்மிஷன் தேவைப்படுகிற மிகச் சில ஃபோல்டர்கள், அதற்குக் கீழே எதுவும் கிடையாது. இதற்கு மேல் கேட்கிறவருக்கு ஃபோல்டரைத் தனியாக வெளியே எடுத்துக் கொடுப்பது மேல்.

அப்புறம் ஃபுல் கண்ட்ரோலா, மாடிஃபையா என்ற கேள்வி. துறைத் தலைவர் கேட்டால் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிடுகிறார்கள், மரியாதைக்காக. மாடிஃபையில் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம், ஒருவருடைய அன்றாட வேலைக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. ஃபுல் கண்ட்ரோலில் கூடுதலாக வருவது முக்கியமாகப் பெர்மிஷனை மாற்றுவதும், உரிமையாளர் ஆவதும். அதாவது பேக்கப் எடுக்கிற கணக்கையும் சிஸ்டத்தையும் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம், மேலிருந்து வருகிற பெர்மிஷனைத் துண்டித்துவிடலாம், கெட்ட எண்ணத்தில் அல்ல, "இதெல்லாம் யார், தெரியாத பெயராக இருக்கிறதே" என்று நினைத்து. உங்கள் பேக்கப் அந்தப் பேக்கப் உரிமை இல்லாமல் சாதாரணமாகப் படித்து நகலெடுப்பது என்றால், அடுத்த மாதம் அந்த ஃபோல்டரின் பேக்கப் வெறுமையாக வந்து நிற்கும்.

மாடிஃபை மட்டும் கொடுத்தாலும் ஒரு சந்து திறந்தே இருக்கும். ஒரு ஃபோல்டரை உருவாக்குகிறவர் அதன் உரிமையாளர், உரிமையாளருக்குப் பெர்மிஷனை மாற்றும் உரிமை சொல்லாமலே உண்டு. அதை அடைக்க இரண்டு வழி. சுலபமானது, ஷேர் பெர்மிஷனில் எல்லோருக்கும் ஃபுல் கண்ட்ரோல் என்று விடாமல் சேஞ்ச் என்று வைப்பது. ஷேர் பெர்மிஷன், ஃபோல்டரிலேயே எழுதுகிற என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் இரண்டில் எது குறைவோ அதுதான் நெட்வொர்க்கில் வருகிறவருக்குக் கிடைக்கும், சேஞ்சில் பெர்மிஷனை மாற்றும் உரிமை இல்லை, எனவே உரிமையாளராக இருந்தாலும் ஷேர் வழியாக வந்து மாற்ற முடியாது. மற்றது, 2008 சர்வரிலிருந்து கிடைக்கிற ஓனர் ரைட்ஸ் என்ற சிறப்பு அடையாளம், எஸ்-1-3-4. ஃபோல்டரின் பட்டியலில் அதற்கு மாடிஃபை என்று எழுதி வைத்தால், உரிமையாளருக்குச் சொல்லாமல் கிடைத்துக்கொண்டிருந்த அந்த உரிமை நின்றுபோகும்.

துறை ஃபோல்டரே ஒரு நாள் காணாமல் போகும், தேடினால் பக்கத்து ஃபோல்டருக்குள் கிடக்கும். மவுஸ் வழுக்கி இழுபட்டிருக்கும். அந்த ஃபோல்டரில் கொடுத்த மாடிஃபையை "துணை ஃபோல்டர்களும் ஃபைல்களும் மட்டும்" என்று மாற்றி, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அழிக்கும் உரிமை இல்லாமல் படிக்க, உள்ளே உருவாக்க என்று தனியாக ஒரு வரி எழுதினால் அது நகராது. இந்த ஒரு வரியால் குறைந்த டிக்கெட்டுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி உண்மையிலேயே சர்வரில் அதிகாரம் கேட்கிற வேலைகள். மாதக் கடைசி, சாயங்காலம், "அண்ணா, அந்த ஸ்டேட்மென்ட் எக்செல் யாரோ திறந்து வச்சிட்டுக் கிளம்பிட்டாங்க, ரீட் ஒன்லினு வருது." "தம்பி, கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து ஓபன் ஃபைல்ஸ்ல பாரு." "ஆக்சஸ் டினைடுனு வருது அண்ணா." ஆமாம், வரும், திறந்திருக்கிற ஃபைல்களைப் பார்க்கவும் மூடவும் சர்வர் அட்மின் அதிகாரம் கேட்கும். தம்பியை அட்மின் ஆக்குகிற முடிவு பெரும்பாலும் இப்படி ஒரு சாயங்காலத்தில்தான் எடுக்கப்படுகிறது, இந்த ஒரு காரியத்துக்காக மொத்த சர்வரும் கைமாறுகிறது.

இதற்குத்தான் ஜஸ்ட் எனஃப் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமாக ஜீயா. விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் 5-லிருந்து கிடைக்கிறது, 2016 சர்வரில் அப்படியே இருக்கிறது. கருத்து எளிமையானது: சர்வரில் ஒரு தனி வாசல் வைக்கிறீர்கள், அந்த வாசல் வழியாக வருகிறவருக்கு நீங்கள் பட்டியலிட்ட கட்டளைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. அவர் சாதாரண யூசராகவே வருகிறார், உள்ளே அந்தக் கட்டளை ஓடும்போது மட்டும் சர்வர் தற்காலிகமாக உருவாக்குகிற ஒரு விர்ச்சுவல் கணக்கில் ஓடுகிறது, செஷன் முடிந்ததும் அந்தக் கணக்கு மறைந்துவிடும். அதற்குப் பாஸ்வேர்டு என்று தம்பிக்குத் தெரிகிற எதுவும் கிடையாது, எனவே திருடவும் எதுவும் இல்லை. இரண்டு ஃபைல்கள் எழுத வேண்டும், ஒன்றில் என்னென்ன கட்டளைகள், மற்றதில் எந்த குரூப்புக்கு அந்தக் கட்டளைகள். இரண்டாவதில் செஷன் வகையை ரெஸ்ட்ரிக்டட் ரிமோட் சர்வர் என்று வைக்க மறக்காதீர்கள், அது இல்லையென்றால் வாசல் திறந்த வெளியாகிவிடும்.

பலர் இங்கே, திறந்திருக்கிற ஃபைலை மூடுகிற குளோஸ்-எஸ்எம்பிஓபன்ஃபைல் கட்டளையை அப்படியே பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் ஒரு குறை, அது ஃபைலின் எண்ணை வைத்து மூடுகிறது, எந்த ஃபோல்டர் என்று கட்டுப்படுத்த வழியில்லை, தம்பி அக்கவுன்ட்ஸ் ஃபைலை மூடப் போய் ஒரு டேட்டாபேஸ் ஃபைலையும் மூடிவிடலாம். அதைவிட நீங்களே ஒரு சின்ன ஃபங்க்ஷன் எழுதுங்கள்: ஃபைலின் பாதையை வாங்குகிறது, அது டி டிரைவில் ஷேர்ஸ் ஃபோல்டருக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறது, இருந்தால் அதைத் திறந்து வைத்திருப்பவரின் பெயரைக் காட்டி, உறுதி கேட்டு, மூடுகிறது. அந்த ஃபங்க்ஷனை மட்டும் வெளியே காட்டுங்கள், அதற்குள்ளே நீங்கள் பயன்படுத்துகிற கட்டளைகளை வெளியே காட்ட வேண்டியதில்லை. பாதையைச் சோதிக்கும்போது கடைசியில் வருகிற சாய்கோட்டையும் சேர்த்துச் சோதியுங்கள், இல்லாவிட்டால் அக்கவுன்ட்ஸ் என்று அனுமதித்தது அக்கவுன்ட்ஸ்-ஓல்ட் ஃபோல்டருக்கும் பொருந்திவிடும். திறந்து வைத்திருப்பவரின் பெயரைக் காட்டச் சொன்னதற்கும் காரணம் உண்டு. சர்வரிலிருந்து பலவந்தமாக மூடினால் அவர் சேமிக்காத வேலை போய்விடும், பெயர் தெரிந்தால் தம்பி முதலில் ஒரு போன் போடுவார்.

விர்ச்சுவல் கணக்கு வழக்கமாக சர்வரின் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பில் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அதனால் பட்டியலில் போடுகிற ஒவ்வொரு கட்டளையையும், "இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தன்னையே அட்மின் ஆக்கிக்கொள்ள முடியுமா" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெர்மிஷன் மாற்றுகிற செட்-ஏசிஎல்லைக் கட்டுப்பாடில்லாமல் கொடுத்தால் சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரையும் தனக்கு எழுதிக்கொள்ளலாம். எந்த ப்ரோகிராமையும் ஓட்டுகிற ஸ்டார்ட்-ப்ராசஸ் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது. நட்சத்திரக்குறி போட்டு "எஸ்எம்பி என்று பெயரில் வருகிற எல்லாம்" என்கிற மாதிரி எழுதுவதையும் விட்டுவிடுங்கள். எழுதி முடித்ததும் கெட்-பிஎஸ்செஷன்கேப்பபிலிட்டி என்ற கட்டளையில் தம்பியின் பெயரைக் கொடுத்தால் அவருக்கு என்னென்ன கிடைக்கிறது என்று சர்வரே சொல்லும். டிரான்ஸ்கிரிப்ட் ஃபோல்டரையும் வைத்துவிட்டால் யார் எப்போது எதை மூடினார் என்பது எழுத்தில் இருக்கும்.

கோட்டா (ஒரு ஃபோல்டருக்கு ஒதுக்கிய இட அளவு) அதிகரிப்பதற்கும் இதே வாசலில் இன்னொரு ஃபங்க்ஷன், ஒரு ஷேருக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்ற எல்லையோடு. புது ஷேர் உருவாக்குவதை நான் பிரித்துக் கொடுப்பதில்லை, எப்போதாவது வருகிற வேலை அது, அதை நானே செய்துவிடுவேன்.

தெரியாமல் அழித்த ஃபைல்களுக்குப் பேக்கப் ஆபரேட்டர் யாரும் வேண்டாம். 2003 சர்வரிலிருந்தே ஷேடோ காப்பி இருக்கிறது, காலை ஒன்று மதியம் ஒன்று என்று ஓட விட்டால், யூசரே ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ரீவியஸ் வெர்ஷன்ஸில் நேற்றைய ஃபைலை எடுத்துக்கொள்வார். அவருக்கு ஏற்கெனவே இருக்கிற உரிமை போதும். டிஸ்க் போனால் ஷேடோ காப்பியும் சேர்ந்து போகும் என்பதால் பேக்கப் தனியாக ஓடத்தான் வேண்டும்.

விண்டோஸ் இல்லாமல், லினக்ஸில் ஃபைல் ஷேர் கொடுக்கிற சாம்பாவில் ஓடுகிற சர்வர் என்றால் எஸ்இடிஸ்க்ஆபரேட்டர்ப்ரிவிலேஜ் என்ற உரிமையை நெட் ஆர்பிசி ரைட்ஸ் கட்டளையால் ஒரு குரூப்புக்குக் கொடுத்தால், அவர்கள் விண்டோஸ் மெஷினில் உட்கார்ந்தபடியே ஷேர் பெர்மிஷன்களை மாற்றலாம், லினக்ஸின் முழு அட்மினான ரூட்டின் பாஸ்வேர்டு தேவையில்லை. அமைப்பு ஃபைலில் அட்மின் யூசர்ஸ் என்று ஒரு வரி எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த வரியில் இருப்பவர் அந்த ஷேரில் ரூட்டாகவே வேலை செய்வார்.

ஏற்கெனவே தம்பி அட்மினாக இருக்கிறார், இனி எடுக்க வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் குரூப்புகளும் ஜீயா வாசலும் தயாராக இருக்கட்டும், அவர் இரண்டு வாரம் அதில் பழகட்டும், எந்த வேலைக்குப் பழைய உரிமையைத் தேடுகிறார் என்று பார்த்து விட்டுப்போனதைச் சேருங்கள். பிறகு, பெர்மிஷன் பட்டியலைக் கையாளுகிற ஐகேக்ல்ஸ் கட்டளையில் சேவ் போட்டு மொத்த பெர்மிஷனையும் ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவரை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸிலிருந்து எடுங்கள். அத்தோடு விடாமல், அதே ஐகேக்ல்ஸில் ஃபைண்ட்சிட் என்று போட்டு அவர் பெயரைக் கொடுத்து, ஷேர்ஸ் ஃபோல்டரிலிருந்து கீழே முழுக்கத் தேடச் சொல்லுங்கள், பெரிய சர்வர் என்றால் இரவில் ஓட விடுங்கள். கன்டின்யூ அழுத்திய ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் அவர் பெயரை எடுத்துவிட்டு, அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர்களின் பெயர்களையும் கொடுத்து ஒருமுறை தேடுங்கள்.